ரெண்டு மாத்திரைக்கு முன் ஒரு கேள்வி

காலை எட்டு மணி. செங்கல்பட்டிலிருந்து வரும் மின்சார ரயில் மாம்பலத்தில் நிற்கிறது. பெண்கள் பெட்டியிலிருந்து இறங்கும் கூட்டம் படிக்கட்டில் இரண்டாகப் பிரிகிறது. கிழக்கே இறங்குகிறவர்கள் ரங்கநாதன் தெருக் கடைகளில் நாளெல்லாம் நின்று வேலை பார்ப்பவர்கள். மேற்கே இறங்குகிறவர்கள் மேற்கு மாம்பலத்து வீடுகளில் பாத்திரம் துலக்கவும், துணி துவைக்கவும், வீடு துடைக்கவும் போகிறவர்கள். சிங்கப்பெருமாள் கோவில், மறைமலை நகர், கூடுவாஞ்சேரி பக்கத்துக் காலனிகளிலிருந்து வரும் நம் வீட்டுப் பெண்கள்தான் இரு பக்கமும் அதிகம். கண்ணகி நகரிலிருந்தும் பெரும்பாக்கத்திலிருந்தும் இரண்டு பேருந்து மாறி வருகிறவர்களும் உண்டு. ஒரு காலத்தில் நகரத்துக்குள்ளேயே குடியிருந்து, அப்புறப்படுத்தப்பட்டு, இப்போது அதே நகரத்துக்கு வேலைக்கு மட்டும் வந்து போகிறவர்கள் அவர்கள்.

ஆரிய கவுடா சாலைப் பக்கம் ஒரு மருந்துக் கடை. வீட்டு வேலை செய்யும் ஒரு பெண் அங்கே நின்றுகொண்டிருந்தார். முந்தானையை வயிற்றின் மேல் இழுத்து விட்டிருந்தார்.

“அண்ணா, இடுப்பு நோவுது. நேத்து குடுத்தீங்களே, அதே மாத்திரை ரெண்டு குடுங்க.”

கடைப் பையன் அட்டையை எடுத்தார், கத்தரிக்கோலால் இரண்டு மாத்திரையை வெட்டிக் கொடுத்தார், காசை வாங்கிப் போட்டார். அரை நிமிடத்தில் முடிந்துவிட்டது. அவரும் ஒன்றும் கேட்கவில்லை, இவரும் ஒன்றும் சொல்லவில்லை.

நம்மோடு வந்திருந்த தோழி கடையை விட்டுக் கொஞ்சம் தள்ளி வந்ததும் மெதுவாகக் கேட்டார்: “எத்தினி மாசம்மா?”

“ஏழாவது முடியப் போவுதுக்கா.”

“கடக்காரர்கிட்ட சொன்னியா?”

“அவரு கேக்கல. நானும் சொல்லல. சொன்னா இந்த மாத்திரைய குடுக்க மாட்டாரு. மாத்திரை இல்லேன்னா மூணு வூட்டு வேலைய எப்டிக்கா முடிக்கிறது?”

இந்தப் பதிலைக் கேட்டபின் நமக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை. கர்ப்ப காலத்தில் கண்ட மாத்திரை சாப்பிடக் கூடாது என்று எல்லோரும் சொல்கிறார்கள். அந்தப் பெண்ணுக்கும் அது தெரியும். ஆனால் அவருக்கு அந்த இரண்டு மாத்திரைதான் விடுப்பு. கிடைக்காத ஓய்வுக்குப் பதிலாக அவர் அதை விழுங்குகிறார். ஆகவே இந்தக் கட்டுரையில் மருந்தைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது, ஓய்வைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது.

வெட்டிய அட்டையில் பெயர் இல்லை

அன்றே அவரை மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனோம். டாக்டரம்மா மாத்திரையை வாங்கிப் பார்த்தார். வெட்டிய துண்டில் பாதி எழுத்துதான் இருந்தது. மருந்தின் பெயர் இல்லை, காலாவதித் தேதி இல்லை. நாம் திரும்பக் கடைக்கு ஓடி முழு அட்டையையும் பார்த்து எழுதி வந்தோம். டைக்ளோஃபெனாக்கும் பாரசிட்டமாலும் சேர்ந்த வலி மாத்திரை. ஏறக்குறைய இரண்டு மாதமாக, வாரத்தில் நாலைந்து நாள் சாப்பிட்டிருக்கிறார்.

டாக்டரம்மா கோபப்படவில்லை. மாத்திரையை நிறுத்தச் சொன்னார், ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார். ஸ்கேனில் பனிக்குட நீர் குறைவாக இருப்பது தெரிந்தது. மாத்திரை மட்டும்தான் காரணம் என்று அவர் சொல்லவில்லை. காரணமாக இருக்கலாம் என்றார். இரண்டு வாரம் கழித்து எடுத்த ஸ்கேனில் நீர் கூடியிருந்தது. குழந்தை நல்லபடியாகப் பிறந்தது, இப்போது தவழ்கிறது. கதை நல்லபடி முடிந்தது நமது அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தை நம்பி எத்தனை பேரை விட்டுவிட முடியும்?

டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், இபுப்ரூஃபென், நிமசுலைட் ஆகியவை ஒரே குடும்பத்து வலி மாத்திரைகள். கர்ப்பத்தின் 20 வாரத்துக்குப் பிறகு இவற்றைத் தவிர்க்க வேண்டும் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2020 அக்டோபரில் எச்சரித்தது. காரணம் எளிது. பனிக்குட நீரின் பெரும்பகுதி அந்த நாட்களில் குழந்தையின் சிறுநீர்தான். இந்த மாத்திரைகள் குழந்தையின் சிறுநீரகத்தைத் தாக்கினால் நீர் குறைகிறது. கடைசி மூன்று மாதத்தில் இன்னொரு ஆபத்தும் சேர்கிறது. வயிற்றுக்குள் குழந்தை மூச்சு விடுவதில்லை என்பதால், நுரையீரலுக்குப் போக வேண்டிய இரத்தத்தைத் திருப்பி அனுப்பும் ஒரு சிறு குழாய் இதயத்தின் அருகே திறந்திருக்கும். பிறந்த பிறகு மூட வேண்டிய அந்தக் குழாயை இந்த மாத்திரைகள் முன்கூட்டியே மூடச் செய்யலாம்.

வேலி என்று நம்பியது வேலியல்ல

தாய் சாப்பிடும் மருந்து பிள்ளைக்குப் போகுமா என்று இன்றும் நம் ஊரில் கேட்கிறார்கள். ஒரு காலத்தில் டாக்டர்களே போகாது என்றுதான் நினைத்தார்கள். நஞ்சுக்கொடி ஒரு வேலி, கெட்டதை அது உள்ளே விடாது என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கையை உடைத்தது தாலிடோமைடு.

1957இல் மேற்கு ஜெர்மனியில் தூக்க மாத்திரையாக விற்பனைக்கு வந்த மருந்து அது. அங்கே டாக்டர் சீட்டு இல்லாமலேயே கிடைத்தது. மிகவும் பாதுகாப்பானது என்று விளம்பரம் செய்தார்கள். மசக்கை வாந்திக்கும் பெண்கள் சாப்பிட்டார்கள். 46 நாடுகளில் விற்றது. கை கால் வளராத குழந்தைகள் பிறக்கத் தொடங்கினார்கள். ஜெர்மனியில் லென்ஸ் என்ற மருத்துவரும் ஆஸ்திரேலியாவில் மெக்பிரைட் என்ற மருத்துவரும் மருந்துதான் காரணம் என்று சொன்ன பிறகு, 1961 நவம்பரில் ஜெர்மனியில் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் உலகம் முழுக்கப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் பாதிக்கப்பட்டுவிட்டார்கள். அமெரிக்காவில் அது கடைக்கு வரவில்லை. மருந்து நிர்வாகத்தில் வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகாத பிரான்சஸ் கெல்சி என்ற பெண் அதிகாரி, ஆதாரம் போதாது என்று கோப்பைத் திருப்பித் திருப்பி அனுப்பினார். அந்த நாட்டுக் குழந்தைகளைக் காப்பாற்றியது ஒரு பெண் விடாமல் கேட்ட கேள்வி.

நம் நாட்டிலும் ஒரு கதை உண்டு. மாதவிலக்கு தள்ளிப் போனால் கர்ப்பமா இல்லையா என்று பார்க்க, அதிக அளவு ஹார்மோன் கலந்த ஈஸ்ட்ரோஜன்-புரோஜெஸ்ட்டிரோன் மாத்திரைகளைக் கொடுத்துவந்தார்கள். கருவைக் கலைக்கும் என்று நம்பியும் பெண்கள் வாங்கிச் சாப்பிட்டார்கள். இப்படி ஹார்மோன் கொடுத்துச் சோதிப்பது குழந்தைக்குக் குறைபாடு உண்டாக்கலாம் என்று பிரிட்டனில் இசபெல் கால் என்ற மருத்துவர் 1967இலேயே எழுதிவிட்டார். இந்தியாவில் 1982இல் தடை ஆணை வந்தது. கம்பெனிகள் உயர் நீதிமன்றங்களுக்குப் போய்த் தடைக்குத் தடை வாங்கின. பெண்கள் அமைப்புகளும் அகில இந்திய மருந்து நடவடிக்கை வலையமைப்பும் விடவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பொது விசாரணைகள் நடந்தன. கடைசியில் 1988இல்தான் அந்த மாத்திரைகளுக்கு முடிவு வந்தது. எச்சரிக்கைக்கும் தடைக்கும் நடுவே 21 ஆண்டுகள். அத்தனை காலமும் கடைகளில் அதை வாங்கியவர்களில் நம் தாய்மார்களும் இருந்திருப்பார்கள். அவர்கள் கணக்கை யாரும் எடுக்கவில்லை.

எந்த மாதம், எந்த மருந்து

முதல் மூன்று மாதம் மிகக் கவனமான காலம். கரு உண்டான மூன்றாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரத்துக்குள் இதயம், கை, கால், கண், காது எல்லாம் உருவாகின்றன. மூளையும் தண்டுவடமும் ஆகப் போகும் குழாய் 28 நாளுக்குள் மூடிவிடும். பல பெண்களுக்கு நாள் தள்ளிப் போயிருக்கிறது என்று அப்போதுதான் சந்தேகமே வரும். ஆகவே குழந்தை வேண்டும் என்று நினைக்கும்போதே டாக்டரிடம் போய், சாப்பிட்டு வரும் மருந்துகளைச் சொல்லி, ஃபோலிக் அமில மாத்திரையைத் தொடங்குவது நல்லது.

நம் வாசகர்கள் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டிய சிலவற்றை மட்டும் சொல்கிறோம்.

வலிப்பு நோய்க்குக் கொடுக்கும் சோடியம் வால்ப்ரோவேட். கர்ப்பத்தில் இதைச் சாப்பிட்டால் 100 குழந்தைகளில் சுமார் 10 பேருக்கு உடல் குறைபாடும், 30 முதல் 40 பேருக்குப் பேச்சு, நடை, படிப்பு போன்ற வளர்ச்சியில் சிக்கலும் வரலாம். வலிப்புக்கு இதைவிடப் பாதுகாப்பான வேறு மருந்துகள் உண்டு. கல்யாணம் பேசும்போதே டாக்டரிடம் மாற்றச் சொல்லிக் கேட்க வேண்டும்.

இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் எனலாப்ரில், லோசார்டன், டெல்மிசார்டன். இவை குழந்தையின் சிறுநீரகத்துக்கு ஆகாது. கர்ப்பிணிகளுக்கென்று லேபெட்டலால், மெத்தில்டோபா போன்றவை இருக்கின்றன.

டெட்ராசைக்ளின், டாக்சிசைக்ளின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லிகள். குழந்தையின் எலும்பிலும் பல்லிலும் படியும். பல் மஞ்சளாகவோ பழுப்பாகவோ முளைக்கும். காய்ச்சல் என்று சொன்னதும் வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரையை எடுத்துக் கொடுப்பது நம் பழக்கம். அங்கேதான் தவறு நடக்கிறது.

கல்லூரி மாணவிகளுக்கு ஒன்று: முகப்பருவுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை. தோழி சாப்பிட்டாள், முகம் பளிச்சென்று ஆகிவிட்டது என்று கேட்டு வாங்கக் கூடாது. கர்ப்பத்தில் இது மிகக் கொடிய மருந்துகளில் ஒன்று.

கருக்கலைப்பு மாத்திரையையும் கடையில் தானாக வாங்கிச் சாப்பிடும் பழக்கம் பெருகியிருக்கிறது. கரு முழுதும் வெளியேறாமல் இரத்தப்போக்கு நிற்காமல் போகலாம். கரு தங்கிவிட்டால் குழந்தைக்குக் குறைபாடு வரலாம். கருக்கலைப்பு 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசு மருத்துவமனையிலேயே பாதுகாப்பாகச் செய்துகொள்ளக் கூடிய ஒன்று. அவமானத்துக்குப் பயந்து உயிரைப் பணயம் வைக்க வேண்டாம்.

நாட்டு மருந்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். இலை தழைதானே என்று எண்ணிவிடக் கூடாது. இன்னதென்று பெயர் சொல்லாமல் பொட்டலத்தில் மடித்துக் கொடுக்கும் எந்தச் சூரணத்தையும், பற்பத்தையும் கர்ப்பிணி சாப்பிடக் கூடாது.

சரி, காய்ச்சலும் தலைவலியும் வந்தால் என்ன செய்வது? பாரசிட்டமால்தான் இன்றும் டாக்டர்கள் முதலில் சொல்வது. தேவையான அளவு, தேவையான நாள் மட்டும். அது ஆட்டிசம் உண்டாக்கும் என்று 2025 செப்டம்பரில் அமெரிக்க அதிபர் பேசியது கைப்பேசிகளில் சுற்றியது. அதற்கு உறுதியான அறிவியல் ஆதாரம் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் உடனே தெளிவுபடுத்தியது. கடும் காய்ச்சலை மருந்தில்லாமல் விட்டுவிடுவதும் குழந்தைக்கு நல்லதல்ல.

நிறுத்துவதும் ஆபத்து

மேலே சொன்னதைப் படித்துவிட்டு யாராவது தன் மருந்தைத் தூக்கிப் போட்டால் இந்தக் கட்டுரையே குற்றமாகிவிடும். வலிப்பு மாத்திரையைத் தானாக நிறுத்தினால் வலிப்பு வந்து தாயும் பிள்ளையும் போகலாம். காசநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர் கர்ப்பத்திலும் தொடர வேண்டும். எதை மாற்ற வேண்டும் என்பதை டாக்டர் பார்த்துக்கொள்வார். தைராய்டு மாத்திரை, சர்க்கரைக்கான மருந்து, எச்.ஐ.வி. கூட்டு மருந்து எதையும் நாமாக நிறுத்தக் கூடாது. எச்.ஐ.வி. மருந்தைத் தொடர்வதால்தான் கிருமி குழந்தைக்குப் போகாமல் தடுக்கப்படுகிறது. சில கர்ப்பிணிகளுக்கு டாக்டரே குறைந்த அளவு ஆஸ்பிரின் எழுதுவதுண்டு. அது இரத்த அழுத்தச் சிக்கலைத் தடுக்க. அதையும் வலி மாத்திரை என்று நினைத்து விட்டுவிடக் கூடாது.

இரும்புச் சத்து மாத்திரைதான் நம் பக்கத்தில் அதிகம் குப்பைக்குப் போவது. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் கர்ப்பிணிகளில் 100க்கு 52 பேருக்கு இரத்த சோகை. 180 நாளும் இரும்பு மாத்திரை சாப்பிட்டவர்கள் 100க்கு 26 பேர்தான். கிராம சுகாதார செவிலியர் வீடு தேடி வந்து கொடுக்கிறார். நாம் பரணில் வைக்கிறோம். ஏன் என்று கேட்டால் “சாப்பிட்டா புள்ள கருப்பா பொறக்கும்” என்கிறார்கள். மாத்திரையால் கறுப்பது மலம்தான், பிள்ளையின் நிறமல்ல. பிள்ளையின் நிறத்தைத் தருவது தாய் தகப்பன் மரபு. அதைவிட ஒரு கேள்வி: கறுப்பாகப் பிறந்தால் என்ன குறை? நம் நிறத்தை இழிவாகப் பார்க்க நமக்கே சொல்லிக் கொடுத்த சமூகம், அந்த இழிவை வைத்தே நம் பிள்ளையின் இரத்தத்தையும் குறைத்துவிட்டது.

இரும்பு மாத்திரையைக் காபி, டீயோடு சாப்பிடக் கூடாது. சத்து உடம்பில் சேராது. கால்சியம் மாத்திரையோடு சேர்த்தும் போடக் கூடாது. இரண்டுக்கும் சில மணி நேர இடைவெளி வேண்டும். குமட்டினால் சாப்பாட்டுக்குப் பிறகு அல்லது இரவு படுக்கும் முன் போடலாம். எலுமிச்சை, நெல்லிக்காய் சேர்த்துக்கொண்டால் சத்து நன்றாக ஏறும்.

கேட்பது யார் கடமை?

மேற்கு மாம்பலம் ஒரு காலத்தில் கொசுவுக்கும் யானைக்கால் நோய்க்கும் பெயர் போன இடம். ஏரியும் பள்ளமுமாகக் கிடந்த பகுதி. எம்.சி. சுப்பிரமணியம் 1953இல் இங்கே தொடங்கிய பொது சுகாதார மையம் இன்றும் குறைந்த கட்டணத்தில் மருத்துவம் செய்கிறது. யானைக்கால் நோயை ஒழிக்க அரசு பின்னாளில் டி.இ.சி. மாத்திரையை வீடு வீடாகக் கொடுத்தது. தமிழ்நாட்டில் இது 1990களிலேயே தொடங்கியது. அந்தப் பணியில் ஒரு விதி உண்டு. மாத்திரை கொடுக்க வருபவர் முதலில் கேட்க வேண்டும்: வீட்டில் கர்ப்பிணி உண்டா, இரண்டு வயதுக்குக் கீழே குழந்தை உண்டா, கடுமையாக நோயுற்றவர் உண்டா? இருந்தால் அவர்களுக்குக் கொடுக்கக் கூடாது.

கோடிக்கணக்கான பேருக்கு மாத்திரை கொடுக்கும்போதே அந்தக் கேள்வியைக் கேட்க முடிகிறது. ஒரு கடையில், எதிரே நிற்கும் ஒரு பெண்ணிடம் கேட்க முடியாதா?

சட்டம் கேட்கத்தான் சொல்கிறது. டைக்ளோஃபெனாக் போன்ற மருந்துகள் மருந்து விதிகளின் ‘எச்’ அட்டவணையில் இருப்பவை. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. மருந்தாளுநர் பணி குறித்த 2015ஆம் ஆண்டு விதிமுறைகள், மருந்தை எப்படிச் சாப்பிட வேண்டும், எதைக் கவனிக்க வேண்டும் என்று வாங்குகிறவருக்கு விளக்குவதைப் பதிவு பெற்ற மருந்தாளுநரின் பணியாக வைத்திருக்கின்றன. தேசிய மனித உரிமை ஆணையம் 2018இல் தயாரித்த நோயாளர் உரிமைச் சாசனமோ, நோயாளிக்குப் புரியும் மொழியில் தகவல் பெறும் உரிமை உண்டு என்கிறது. ஆனால் அட்டையில் இருப்பது பொடி எழுத்து ஆங்கிலம். அதையும் வெட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். பி.ஏ. படிக்கும் மகளே படிக்கத் திணறும் அட்டையை, ஐந்தாவதோடு நின்ற அம்மா எப்படிப் படிப்பாள்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் பெண்கள் கேட்பதில்லை என்று குறை சொல்கிறவர்கள், அவர்கள் கேட்டபோது என்ன பதில் கிடைத்தது என்பதைச் சொல்வதில்லை. “உனக்குச் சொன்னா புரியுமா?”, “குடுத்தத முழுங்கு” என்பதைக் கேட்டுக் கேட்டுத்தான் நம் தாய்மார்கள் வாயை மூடிக்கொண்டார்கள். சாதி, கோயில் வாசலோடு நிற்பதில்லை. மருந்துச் சீட்டு நீட்டும் சன்னலிலும் நிற்கிறது. கேள்வி கேட்கத் துணிவு வேண்டும் என்று பெண்ணுக்குப் பாடம் எடுக்கும் முன், மரியாதையாகப் பதில் சொல்ல அந்தப் பக்கத்துக்குக் கற்றுத் தர வேண்டும்.

அம்பேத்கர் கேட்ட ஓய்வு

மூன்று வீட்டு வேலைக்கு இரண்டு மாத்திரை. இந்தக் கணக்கை மாற்றாமல் மருந்தைப் பற்றி மட்டும் பேசிப் பயனில்லை. இதை நமக்கு முன்பே சொன்னவர் ஒருவர் உண்டு. 1928 ஜூலையில் பம்பாய் சட்ட மேலவையில் மகப்பேறு நல மசோதா விவாதத்துக்கு வந்தது. ஆலைப் பெண்களுக்கு எதற்கு விடுப்பு, செலவு யார் தருவது என்று எதிர்ப்பு எழுந்தது. அண்ணல் அம்பேத்கர் எழுந்து மசோதாவை ஆதரித்தார். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலனுக்கே தேவையானது, மக்கள் நலத்தைக் காப்பது முதலில் அரசின் கடமை என்பது அவர் வாதம். அடுத்த ஆண்டு அது சட்டமானது. பின்னர் வைசிராய் அவையில் தொழிலாளர் துறைப் பொறுப்பில் இருந்தபோதும் சுரங்கப் பெண் தொழிலாளர்களின் மகப்பேறு நலனுக்காக அவர் சட்டம் செய்தார்.

அந்த வழியில்தான் 1961ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டம் வந்தது. 2017இல் சம்பளத்தோடு 26 வாரம் விடுப்பு என்று உயர்ந்தது. ஆனால் அது பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களுக்கு. ரங்கநாதன் தெருவின் பெரிய கடைப் பெண்ணுக்கு உரிமை உண்டு. ஒப்பந்தத்தில் தெருக் கூட்டும் தூய்மைப் பணியாளருக்கும் உண்டு. கேட்டால் வேலை போய்விடும் என்ற பயம் தனி. ஒரு வீட்டில் ஒருவராக வேலை செய்யும் பெண்ணோ அந்தச் சட்டத்தின் கண்ணிலேயே படுவதில்லை. அதனால்தான் அவர் முந்தானையை இழுத்துவிட்டுக்கொள்கிறார். வயிறு தெரிந்தால் வேறு ஆள் வைத்துவிடுவார்கள்.

2021இல் தமிழ்நாடு அரசு கடைகள் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்கள் உட்கார நாற்காலி தர வேண்டும் என்று ஆக்கியது. உட்காருவதற்கே சட்டம் வேண்டியிருந்த நாடு இது. அந்தச் சட்டமும் போராடி வந்ததுதான். அப்படியானால் வீட்டு வேலைப் பெண்ணின் கர்ப்பகால ஓய்வும் ஒரு நாள் சட்டமாக வரும், நாம் கேட்டால்.

நாம் செய்யக் கூடியது

மாத்திரை வாங்கும்போது இதைச் சொல்லிப் பழகுவோம்: “நான் மாசமா இருக்கேன், இத்தனாவது மாசம். இந்த மாத்திரை ஒத்துக்குமா?” கூச்சம் வேண்டாம். நாள் தள்ளிப் போயிருந்தால் அதையும் சொல்ல வேண்டும். பால் கொடுக்கும் தாயும் சொல்ல வேண்டும்.

மாத்திரையை உறையோடு, பெயர் தெரியும்படி கேட்டு வாங்க வேண்டும். வெட்டித்தான் கொடுப்பார் என்றால், பெயரைச் சீட்டில் எழுதித் தரச் சொல்ல வேண்டும். அட்டையில் ‘ஆர்எக்ஸ்’ குறியும் சிவப்புக் கோடும் இருந்தால், அது டாக்டர் சொல்லாமல் சாப்பிடக் கூடாத மருந்து.

சாப்பிடுகிற மருந்து அத்தனையையும், நாட்டு மருந்து உட்பட, ஒரு பையில் போட்டு, தாய் சேய் நல அட்டையோடு பரிசோதனைக்கு எடுத்துப் போக வேண்டும். ஒவ்வொரு மாதமும் 9ஆம் தேதி அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் கர்ப்பிணிகளுக்கென்று இலவசமாக டாக்டர் பார்க்கிறார். சந்தேகத்துக்கு 104க்கு அழைக்கலாம். மருந்து சாப்பிட்டு ஏதாவது ஒத்துக்கொள்ளாமல் போனால் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் தெரிவிக்கலாம். மருந்தின் பக்கவிளைவுகளைப் பதிவு செய்யும் தேசியத் திட்டத்தின் எண் அது. பதிவானால்தான் ஒரு மருந்தின் தீங்கு ஊருக்குத் தெரியும்.

கர்ப்பம் தெரிந்தவுடன் கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு செய்து, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியைப் பெற வேண்டும். ரொக்கம் 14,000, ஊட்டச்சத்துப் பெட்டகம் 4,000 என மொத்தம் 18,000 ரூபாய். வீட்டு வேலை செய்கிறவர்கள் நலவாரியத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். இது ஓய்வுக்கு ஈடாகாது. ஆனால் ஒரு வீட்டு வேலையையாவது விட்டுவிட உதவும்.

மாணவர்களுக்கு ஒரு வேலை தருகிறோம். இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டு மாத்திரை டப்பாவைத் திறந்து, ஒவ்வொரு அட்டையிலும் உள்ள பெயரைத் தமிழில் ஒரு துண்டுத் தாளில் எழுதி ஒட்டுங்கள். எதற்கு, யாருக்கு, எப்போது காலாவதி என்று எழுதுங்கள். பக்கத்து வீட்டு அக்கா முழுகாமல் இருந்தால் அவர் வீட்டு டப்பாவையும் பாருங்கள். எது வேண்டும், எது வேண்டாம் என்று நீங்கள் முடிவு செய்ய வேண்டாம். அதைச் செவிலியர் சொல்வார். நீங்கள் படித்துச் சொன்னால் போதும். நாம் படித்த படிப்பு முதலில் பயன்பட வேண்டிய இடம் நம் வீட்டு மாத்திரை டப்பாதான்.

போன வாரம் அந்தப் பெண்ணை மாம்பலம் நிலையத்தில் பார்த்தோம். குழந்தையைத் தாயிடம் விட்டுவிட்டு மறுபடி வேலைக்கு வந்துவிட்டார். மூன்று வீட்டில் ஒரு வீட்டை விட்டுவிட்டாராம். “இப்ப மாத்திரை வாங்கப் போனா, பால் குடுக்குறேன், ஒத்துக்குமான்னு நானே கேக்குறேன்க்கா” என்று தோழியிடம் சொன்னார். பிறகு சிரித்துக்கொண்டே, “நா கேட்டதும் கடப் பையனும் அட்டையத் திருப்பித் திருப்பிப் படிக்கிறான்” என்றார்.

ரயில் வந்தது. மேற்கே இறங்கும் படிக்கட்டில் அவரைப் போல இன்னும் எத்தனையோ பேர் வந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் யார் முந்தானையை இழுத்து விட்டிருக்கிறார்கள் என்று நாம் பார்த்துக்கொண்டு நின்றோம்.